வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீடுகளுக்குக் கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. மீன் பற்றிப் பேச ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஆக்டோபஸில் வந்து நிற்பார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு வீட்டு ஆக்டோபஸ் முட்டையிட்டு ஏறத்தாழ 50 குஞ்சுகள் பொரித்த வீடியோக்கள் பரவிய பிறகு கேள்விகள் இன்னும் அதிகமாகிவிட்டன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் போட்டு முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

ஆக்டோபஸை வீட்ல வளர்க்க முடியுமா முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

முடியும். ஆனால் கடல்நீர்த் தொட்டியை ஒரு வருடமாவது ஒழுங்காக நடத்திய அனுபவம் இருந்தால்தான். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். வளர்ப்பது ஒரு கதை, குஞ்சு பொரிக்கவைத்து ஆளாக்குவது வேறு கதை. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

என்கிட்ட நல்ல தண்ணி டேங்க் இருக்கு. கொஞ்சம் உப்பு போட்டா போதும்ல?

போதாது. சமையல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும்தான். கடல்நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் மற்றவையும் அதில் கிடையாது. கடையில் விற்கும் கடல் சால்ட் மிக்ஸை ஆர்.ஓ. தண்ணீரில் கலக்க வேண்டும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உப்பின் அளவை அளந்து பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அப்புறம் தொட்டி சைக்கிள் ஆக வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நேரம் பிடிக்கும். மீனுக்கு ஆறு வாரத்தில் தொட்டி தயார் என்பார்கள். ஆக்டோபஸுக்கு மூன்று மாதமாவது விடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று, செம்பு. ஆக்டோபஸின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு உள்ள ஒரு புரதத்தால்தான். ரத்தம் நீல நிறமாக இருப்பதும் அதனால்தான். ஆனால் தண்ணீரில் செம்பு கலந்தால் அதற்கு விஷம். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியிலிருந்து எடுத்த கல்லையும் மணலையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அவை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். பித்தளை வால்வும் கூடாது.

எவ்வளவு பெரிய தொட்டி வேணும்?

நடுத்தர அளவு வகைக்கு 200 லிட்டர் என்பது குறைந்தபட்சம். நான் 300-க்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. காரணம் ஓடியாட இடம் என்பதைவிடக் கழிவுதான். தினமும் இறைச்சி தின்று வேகமாக வளரும் பிராணி, அதற்கேற்பக் கழிக்கும். கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் துணைத் தொட்டி), தொட்டியின் கொள்ளளவுக்குச் சொல்வதைவிட ஒரு சைஸ் பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பொந்து. வெளிச்சம் மங்கலாகப் போதும்.

சென்னை வெயில்ல தண்ணி சூடாகுமே, சில்லர் கட்டாயமா?

கட்டாயம். மே மாதம் மின்விசிறி ஓடும் அறையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். வெப்பக் கடல் வகைகளுக்கு 24 முதல் 27 டிகிரி சரி. அமெரிக்காவில் பலர் வளர்க்கும் கலிஃபோர்னியா வகைக்கு 20 டிகிரியை ஒட்டி, முடிந்தால் அதற்கும் கீழே வைக்க வேண்டும். இங்கே அதைச் செய்ய சில்லர் ஏறக்குறைய நிற்காமல் ஓடும். மின்கட்டணத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், அதே நேரம் ஆக்டோபஸுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். வயதும் வேகமாக ஏறும்.

கரண்ட் போனால்? சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்டுவது சிரமம். ஆனால் ஒரு பவர்ஹெட்டையும் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சின்னப் பம்ப்) பேட்டரி ஏர் பம்பையும் கண்டிப்பாக ஓட்டலாம். தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

எந்த வகை வாங்கலாம்? ராமேஸ்வரத்துல இருந்து ஒருத்தர் கொண்டுவந்து தரேன்னு சொல்றார்.

நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்ற பெயரில் வலையில் வருபவை ஒரே வகை அல்ல. மணல் நிறத்தில் கையடக்கமாக இருக்கும் ஆம்ஃபியோக்டோபஸ் இனங்கள் உண்டு. பவளப்பாறைப் பக்கம் பகலிலேயே வேட்டையாடும் ஆக்டோபஸ் சயானியா உண்டு. சயானியா குட்டியாக இருக்கும்போது பார்க்க அழகு, ஆனால் வளர்ந்தால் கையை விரித்து ஒரு மீட்டரை நெருங்கும். வீட்டுத் தொட்டிக்கு அது ஆகாது.

அதைவிடப் பெரிய சிக்கல், அது எப்படிப் பிடிபட்டது என்பது. இழுவை வலையில் நசுங்கி வந்தது வெளியே காயம் தெரியாமல் வந்து ஒரே வாரத்தில் போய்விடும். வயதும் யாருக்கும் தெரியாது. கைக்கு வரும்போதே அதன் ஆயுளில் முக்கால்வாசி முடிந்திருக்கலாம். வாங்கியே தீருவேன் என்றால் சின்னதாக, எட்டுக் கைகளின் நுனியும் முழுசாக, கண் உங்களைப் பின்தொடர்வதாக இருப்பதை எடுங்கள். நண்டு போட்டுத் தின்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள்.

அமெரிக்காவில் பலர் வளர்ப்பது கலிஃபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ், அறிவியல் பெயர் ஆக்டோபஸ் பைமாக்குலாய்டிஸ். கண்ணுக்குக் கீழே இரு பக்கமும் நீல வளையப் புள்ளி இருக்கும். 2015-ல் முழு மரபணுத்தொகுதி வெளியான முதல் ஆக்டோபஸும் அதுதான். இந்தியாவுக்குக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் குவாரண்டைனும் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ஒருவர் தருகிறேன் என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

பவளக் கல்லும் அவரே சேர்த்து கொண்டுவருவாராம், வாங்கிக்கலாமா?

கூடாது. உயிருள்ளதோ செத்ததோ, பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருபவை. பிடிபட்டால் சிறை. பொந்துக்கு அழகாக இருக்கும் என்று சிலர் பெரிய சங்குகளையும் வாங்குகிறார்கள், அவற்றிலும் சில இனங்கள் அட்டவணையில் உண்டு. செயற்கைப் பீங்கான் கல், பிவிசி குழாய்த் துண்டு, மண் சட்டி போதும். ஆக்டோபஸுக்கு அழகு தேவையில்லை, உடம்பு இறுக்கமாக அடங்கினால் போதும்.

நிஜமாவே தப்பிச்சுப் போயிடுமா, இல்ல சும்மா கதையா?

நிஜம். நியூசிலாந்தின் நேப்பியர் நகர தேசிய அக்வாரியத்தில் இன்க்கி என்ற ஆக்டோபஸ், மூடி சற்றே திறந்திருந்ததைப் பார்த்து வெளியே வந்து, தரையைக் கடந்து, 50 மீட்டர் வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. 2016-ல் உலகம் முழுக்கச் செய்தியானது.

அதன் உடம்பில் கெட்டியான பாகம் வாயில் உள்ள அலகு மட்டும்தான். அலகு நுழையும் ஓட்டையில் மொத்த உடம்பும் நுழையும். மூடிக்கு நான்கு பக்கமும் க்ளிப் அல்லது பூட்டு போடுங்கள். குழாயும் வயரும் போகும் ஓட்டைகளைச் சுற்றிக் கடினமான வலையால் அடையுங்கள், வெறும் ஸ்பாஞ்சைப் பிடுங்கிவிடும். சம்புக்குப் போகும் வாயை மறக்கிறவர்கள்தான் அதிகம். பெரிய அக்வாரியங்களில் தொட்டி விளிம்பில் செயற்கைப் புல் ஒட்டுவார்கள், கைகளில் உள்ள உறிஞ்சிகள் அதில் பிடிக்காது. பவர்ஹெட் உறிஞ்சும் வாய்க்கும் கூண்டு போடுங்கள், கை நுனி உள்ளே போய்விடும்.

தரையில் கிடப்பதைப் பார்த்தால் பதறாமல் ஈரக் கையால் ஏந்தித் தொட்டியில் விடுங்கள். ஈரம் இருக்கும்வரை சில நிமிடங்கள் தாங்கும்.

என்ன சாப்பாடு? மார்க்கெட் இறால் போட்டா சாப்பிடுமா?

சாப்பிடும், ஆனால் அது மட்டும் போதாது. முதல் இரண்டு வாரம் உயிருள்ள சின்னக் கடல் நண்டுதான். பழகியதும் உறையவைத்த இறால், மட்டி, நண்டுத் துண்டுகளைக் குச்சியில் குத்திக் காட்டலாம். மார்க்கெட் இறாலில் கருப்பாகாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் போடுவது உண்டு, அதனால் படகிலிருந்து நேராக வந்ததாகக் கேட்டு வாங்குங்கள். வயல் நண்டில் பூச்சிமருந்து இருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம்.

நண்டு தின்பதைக் கவனித்துப் பாருங்கள். கைகளுக்கு இடையே உள்ள தோலை விரித்து நண்டின் மேல் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். எச்சிலில் இருக்கும் விஷத்தால் நண்டு மயங்கும். பத்து இருபது நிமிடம் அசைவே தெரியாது. அப்புறம் ஓடு ஓடாக, உள்ளே சதை ஒட்டாமல் கழன்று பொந்து வாசலில் விழும். சிப்பி என்றால் ஓட்டில் ஊசி முனை அளவு துளை போட்டிருக்கும். அந்த ஓடுகளை அன்றே எடுத்துவிடுங்கள். வாசலில் ஓட்டுக் குவியல் வைப்பது அதன் பழக்கம், ஆனால் அம்மோனியா ஏறுவது அங்கிருந்துதான்.

நண்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடியைத் தளர்வாகத் திருகிக் கொடுங்கள். திறக்கப் பழகிக்கொள்ளும். வேலை கொடுக்காத ஆக்டோபஸ் தானே வேலை தேடும். ஜெர்மனியின் கோபுர்க் அக்வாரியத்தில் ஓட்டோ என்ற ஒன்று 2008-ல் மேலே எரிந்த விளக்கின்மேல் தண்ணீர் பீய்ச்சி ஷார்ட் சர்க்யூட் செய்தது. விளக்கை உயரத்தில் மாட்டுங்கள்.

கூட நாலு மீன் விட்டா அழகா இருக்குமே?

மீன் சின்னதென்றால் அது தின்னும், பெரியதென்றால் மீன் அதன் கை நுனியைக் கடிக்கும். கடல் சாமந்தி கொட்டும். இன்னொரு ஆக்டோபஸ் விட்டால் ஒன்றையொன்று தின்னும். தனியாகத்தான் வளர்க்க வேண்டும்.

கடிக்குமா? விஷமா?

எல்லா ஆக்டோபஸின் எச்சிலிலும் நஞ்சு உண்டு. பெரும்பாலான வகைகள் கடித்தால் குளவி கொட்டியதுபோல் வலித்து வீங்கும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது நீலவளைய ஆக்டோபஸ். பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு. கடித்த இடம் வலிக்கவே வலிக்காது, சற்று நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனை போகும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் ஒரே வழி. உள்ளங்கையில் அடங்கும் அளவு, சீண்டினால் மின்னும் நீல வளையங்கள். யார் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தண்ணில கண்ணாடி மாதிரி குட்டிக் குட்டி வட்டமா மிதக்குது, நோயா?

நோய் இல்லை. உறிஞ்சிகளின் மேல்தோல் உரிந்து விழுகிறது. கைகளைச் சுருட்டி ஒன்றோடொன்று தேய்ப்பதையும் பார்ப்பீர்கள். வளரும் ஆக்டோபஸ் இதை அடிக்கடி செய்யும். ஸ்கிம்மரில் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவலைப்பட வேண்டியது கை நுனியைத் தானே கடித்துக்கொள்வதைக் கண்டால்தான். தண்ணீரைச் சோதியுங்கள். தானாக அறுந்த கை பெரும்பாலும் திரும்ப வளரும், தன் கையைத் தானே தின்னும் ஆக்டோபஸ் அநேகமாகப் பிழைக்காது.

மை கக்கிடுச்சு. என்ன செய்ய?

கடலில் மை கரைந்துபோகும், 300 லிட்டரில் அதன் செவுளிலேயே படியும். உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தண்ணீரைச் சுத்தமாக்கும் கார்பனைப் புதிதாகப் போடுங்கள், ஸ்கிம்மர் கோப்பையைக் காலி செய்யுங்கள். கடையிலிருந்து கொண்டுவரும்போது பையிலேயே மை விட்டிருந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கிய பிறகு ஆக்டோபஸை மட்டும் மாற்றுங்கள்.

எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்?

குள்ள வகைகள் ஒரு வருடத்துக்கும் குறைவு. நடுத்தர வகைகள் ஒரு வருடம், ஒன்றரை வருடம். மிகப் பெரிய பசிபிக் ராட்சத ஆக்டோபஸே மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான். வாங்கும்போது வயது தெரியாது என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்குகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஆணா பெண்ணான்னு எப்படிப் பார்க்கிறது?

முன்னாலிருந்து எண்ணி வலப்பக்க மூன்றாவது கையைப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் ஆணுக்கு அந்தக் கையின் நுனியில் உறிஞ்சி இல்லாமல் வழவழப்பாக இருக்கும், அதைச் சுருட்டியே வைத்திருக்கும். விந்துப் பொதியைப் பெண்ணிடம் கொடுக்கும் கை அதுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம்.

ஒரு ஜோடி வாங்கி விட்டா குஞ்சு பொரிக்கும்ல?

சேர்த்து வைத்தால் ஆண் இரையாகிவிடலாம். வளர்ப்பவர்கள் நடுவே துளையிட்ட தடுப்பு போட்டு, பெண்ணுக்கு வயிறு நிறையக் கொடுத்து, ஆண் கையை மட்டும் நீட்டும்படி விடுவார்கள். இணைசேர்வது கஷ்டமில்லை. கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அது எப்படி முட்டை போட்டுச்சு?

கடலிலேயே இணைசேர்ந்திருக்கும். பெண் விந்தை மாதக்கணக்கில் சேமித்துவைத்துப் பிறகு பயன்படுத்தும். இணையே சேராத பெண்ணும் முட்டையிடும், அது பொரிக்காது, ஆனால் அதையும் விடாமல் அடைகாக்கும். சில வாரம் கழித்து முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் அவை கண்கள், கரு வளர்கிறது.

ஒக்லஹோமாவுல மட்டும் எப்படி? நம்ம ஊர் ஆக்டோபஸ் குஞ்சு ஏன் பிழைக்காதுன்னு சொல்றீங்க?

முட்டையின் அளவுதான் விஷயம். ஆக்டோபஸ்களில் இரண்டு கட்சி. ஒன்று, சில நூறு பெரிய முட்டைகள் இடுபவை. ஒக்லஹோமாவில் குஞ்சு பொரித்த கலிஃபோர்னியா இருபுள்ளியும் கரீபியன் பாறை ஆக்டோபஸும் இந்தக் கட்சி. முட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். பொரிந்ததும் குஞ்சு தரையில் நடக்கும், ஒளியும், வேட்டையாடும். சின்ன அளவில் முழு ஆக்டோபஸ்.

மற்றது, ஆயிரக்கணக்கில் லட்சக்கணக்கில் பொடி முட்டை இடுபவை. சாதாரண ஆக்டோபஸ் எனப்படும் ஆக்டோபஸ் வல்காரிஸ் ஒரு லட்சத்துக்கு மேல் இடும். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர்போல. குஞ்சு தரைக்கு வராமல் வாரக்கணக்கில் மிதவை உயிரியாக அலையும். உயிருள்ள நுண் இரை ஓயாமல் வேண்டும், அதுவும் சரியான கொழுப்புச் சத்தோடு. ஸ்பெயினில் பல பத்தாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 2019-ல்தான் நுவேவா பெஸ்கனோவா நிறுவனம் இந்த வகையின் வாழ்க்கைச் சுழற்சியைத் தொட்டியிலேயே முழுமையாக்கியதாக அறிவித்தது. நம் கடற்கரையில் கிடைக்கும் சயானியாவும் ஆம்ஃபியோக்டோபஸ் ஈஜினாவும் இந்தக் கட்சிதான்.

ஆக, வீட்டில் குஞ்சு வளர்க்கத் தோதானது இங்கே கிடைப்பதில்லை, இங்கே கிடைப்பது குஞ்சு வளர்க்கத் தோதில்லை. இங்குள்ள வகையை வைத்து அந்த வீடியோவைத் திரும்ப எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

சரி, பெரிய முட்டை வகையே கிடைச்சுதுன்னு வைங்க. குஞ்சை எப்படி வளர்க்கிறது?

முட்டையைத் தாயிடமே விடுங்கள். கை நுனிகளால் ஒவ்வொன்றையும் தடவிச் சுத்தம் செய்து, சைஃபன் என்ற தன் குழாய் உறுப்பால் தண்ணீர் ஊதிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்து இரண்டு மூன்று மாதம் ஆகும். தாய் முன்னாலேயே போய்விட்டால் முட்டைச் சரத்தை மெல்லப் பிரித்து, மென்மையான நீரோட்டம் உள்ள குழாயில் தொங்கவிட்டு, பூஞ்சை பிடித்ததை அவ்வப்போது எடுத்துக் கடைசிவரை கொண்டுபோகலாம்.

பொரிந்த குஞ்சுகளை உடனே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றையொன்று தின்பதில் அவற்றுக்குத் தயக்கமே கிடையாது. பக்கமெல்லாம் துளையிட்டு வலை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்களை அதே தொட்டியில் மிதக்கவிட்டு, டப்பாவுக்கு ஒன்றாக, உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு குட்டிச் சிப்பியோடு வைப்பார்கள். 50 குஞ்சு என்றால் 50 டப்பா, தினமும் 50 முறை எச்சத்தையும் இரையின் ஓட்டுத் துண்டுகளையும் பைப்பெட்டில் உறிஞ்ச வேண்டும். இரைதான் பெரிய தலைவலி. ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் பொடி இறால்) மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து போதாமல் சாகும். உயிருள்ள மைசிட் கூனி, கூனி போன்ற குட்டி உயிரான ஆம்ஃபிபாட், பொடி நண்டு தினமும் வேண்டும். முதலில் இரை வளர்ப்பை நடத்திக் காட்டிவிட்டுத்தான் குஞ்சைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்படியும் பல குஞ்சுகள் போகும்.

தாய் எதுவுமே சாப்பிட மாட்டேங்குது. காப்பாத்த வழியே இல்லையா?

இல்லை. முட்டையிட்ட பெண் தின்பதை நிறுத்தி, குஞ்சு பொரியும் காலத்தை ஒட்டி இறந்துவிடும். நோயும் அல்ல, உங்கள் பராமரிப்புக் குறையும் அல்ல. கண்களுக்கு இடையே உள்ள பார்வைச் சுரப்பி என்ற உறுப்பு இதை நடத்துகிறது. 1977-ல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அடைகாக்கும் பெண்களிடமிருந்து அந்தச் சுரப்பியை அகற்றினார். அவை முட்டையை விட்டுவிட்டு மறுபடி தின்று, கூடுதல் மாதங்கள் வாழ்ந்தன. வீட்டில் செய்யக்கூடிய அறுவை அல்ல இது. ஆணும் வயதானதும் தின்பதைக் குறைத்து, தோலில் வெள்ளைப் புண்ணோடு நோக்கமில்லாமல் சுற்றும்.

விளக்கைக் குறையுங்கள், குச்சியில் உணவு நீட்டிப் பாருங்கள், வாங்காவிட்டால் எடுத்துவிடுங்கள். மிகவும் அவதிப்பட்டால் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஆய்வகங்களில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்குவார்கள், அதைக் கால்நடை மருத்துவர் வழியாகச் செய்யுங்கள்.

முட்டை போட்டும் சாகாத வகை ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. ஆக்டோபஸ் கியர்க்கியே என்ற குட்டி வரி ஆக்டோபஸ், மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரை. பெண் பலமுறை முட்டையிடும். பெரிய முட்டைக் கட்சி வேறு. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் இதைத் தலைமுறை தாண்டி வளர்த்திருக்கிறார்கள். கடை வழியாக உங்களுக்கு வர வாய்ப்பில்லை.

குஞ்சுகளை வித்து காசு பண்ணலாமா? இல்லேன்னா வளர்க்க முடியலேன்னா கடல்ல விட்டுடலாமா?

சில்லர் கரண்டுக்குக்கூட வராது. பண்ணையாக யோசிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் ஆக்டோபஸ் பண்ணையையே 2024-ல் தடைசெய்துவிட்டன.

வெளிநாட்டு வகையை, அதன் குஞ்சை, அது இருந்த தண்ணீரை எதையும் நம் கடலில் விடக்கூடாது. இங்கே பிடித்தது, வேறு கடல் உயிர்களோடு தண்ணீர் பகிராதது, இன்னும் நன்றாகத் தின்கிறது என்றால் மட்டும், பிடித்த அதே கரையில், பாறை உள்ள இடத்தில், தண்ணீர் பழக்கி மாலையில் விடலாம். முட்டையிட்டதையும் வயதானதையும் விடுவதில் பயனில்லை.

தொட்டியிலேயே இறந்தால் பார்த்த உடனே எடுங்கள், ஒரே இரவில் மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். பாதித் தண்ணீர் மாற்றி, கார்பன் போட்டு, பொந்தின் கூரையில் ஒட்டியிருக்கும் முட்டைச் சரத் தண்டுகளைச் சுரண்டி எடுங்கள். அம்மோனியா மறுபடி பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்வரை அந்தத் தொட்டியில் எதையும் விட வேண்டாம்.